மூட்டத்தில் காய் பார்க்காதவர்

போடி பஜாரில் அந்த அக்கா விலை சொன்ன நாளைவிட, சொல்லாத நாளுக்குத்தான் மதிப்பு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நாற்காலியில் உட்காருவார். விரலில் கிடக்கும் கல்யாண மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். சுற்றினால் அன்று வியாபாரம் உண்டு. சுற்றாவிட்டால், வாசலில் யார் நின்றாலும் ஒரே பதில்தான்: “இன்னைக்கு வெல இல்ல. நாளைக்கு வாங்க.” அப்படிச் சொல்லிவிட்டால் பஜாரே உஷாராகிவிடும்.

எதிர்க்கடை என்னுடையது, மருந்துக் கடை. பஜாரில் யாருக்கும் பெயர் கிடையாது, கடைதான் பெயர். நான் ‘மெடிக்கல்’. அவர் ‘காய்க்கடை அக்கா’. போடியில் காய் என்றால் ஏலக்காய்தான், கத்தரிக்காய் அல்ல. மலைத் தோட்டங்களிலிருந்து வரும் காயை வாங்கி, பெண்களை வைத்துப் பொறுக்கி, தரம் பிரித்து, தரகர்கள் மூலம் விற்பது அக்காவின் தொழில். கணவர் இறந்த பிறகு தனியாக நடத்தினார். ஒரே மகள், கோயம்புத்தூரில் படித்து அங்கேயே வேலைக்கும் போய்விட்டாள்.

அந்தக் கடைக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. மூட்டம் போட்ட நாளில் காய் பார்க்க மாட்டார்கள். காய்க்கு மதிப்பே அதன் பச்சை நிறம்தான். நல்ல வெயிலில் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால்தான் எது பச்சை, எது வெளுப்பு என்று பிடிபடும். மேகம் மூடிய வெளிச்சத்தில் நல்ல காயும் செத்த காயாகத் தெரியும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் நிறம் வேறு மாதிரி ஏமாற்றும். மற்ற கடைக்காரர்கள் அவசரத்துக்கு டியூப் லைட்டில் பார்த்து ஒப்பேற்றிவிடுவார்கள். அக்கா கடையில் டியூப் லைட் எரிவது கூட்டிப் பெருக்கும்போது மட்டும்தான்.

மூட்டத்தன்று விலை சொல்லாததில் யாருக்கும் அதிசயம் இல்லை. வெயில் பளீரென்று அடிக்கும்போது மோதிரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘வெல இல்ல’ என்பாரே, அதுதான் பஜாரைக் குழப்பியது. கம்பத்திலிருந்து வரும் ஒரு தரகர் இதை ஆராய்ச்சியே செய்து வைத்திருந்தார். கெட்டிக்காரர். கல்லில் நார் உரிக்கிற ஆள். நேராக என் கடைக்கு வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொள்வார்.

“என்ன மெடிக்கல், அக்கா மோதிரம் இன்னைக்கு நின்னுபோச்சாம்ல. மேல எங்கனயோ துப்பு கெடச்சிருக்கு. வெல ஏறப்போகுது பாருங்க.”

“எனக்கென்னய்யா தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டீக.”

சொல்லிவிட்டுப் போய்த் தன் கையில் இருந்த சரக்கையும் நிறுத்தி வைத்துவிடுவார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் நிறுத்துவார்கள். ஒன்றிரண்டு முறை நிஜமாகவே விலை ஏறியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஏறாமல் இறங்கினாலும் அவர் அசருவதில்லை. அக்கா சொன்னது அடுத்த ஏலத்துக்கு என்பார்.

தரகர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. எனக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது. மருந்துக் கடைக்காரன் வாயைத் திறந்தால் பஜாரில் பாதிப் பேர் வெளியே தலைகாட்ட முடியாது. ஒரு மனுசியின் விரல் வீக்கத்தை வைத்து ஊரே விலை கணிக்கிறதே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்பேன். சில நாள் சிரிப்பு வராது.

அக்கா என்னிடம் விஷயத்தைச் சொன்ன விதமே வேடிக்கை. மனநல மருந்து வாங்க வருகிறவர்கள் கடையில் வேறு ஆள் இருந்தால் இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் வருவார்கள். குரல் தாழும். அக்கா ஒரு முற்பகலில், இருமல் மருந்து வாங்க நின்றவரின் பக்கத்திலேயே நின்று கேட்டார்: “தம்பி, கைக்கு ஒரு மாத்திரை, நெனப்புக்கு ஒரு மாத்திரை. ரெண்டையும் ஒரே டப்பால போட்டு வைக்கலாமா? அதுக ரெண்டும் சொந்தக்காரங்கதானே?”

எனக்கு ஒரு குணம் உண்டு. ஏன் என்று கேட்காமல் என்னால் சில்லறைகூடக் கொடுக்க முடியாது. இருமல் மருந்துக்காரர் போனதும், சொந்தம் என்றால் எப்படி என்று கேட்டேன். கடைக்குள் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் ஒரு தடவ போகப் பாத்துத் திரும்பி வந்தவ” என்றார், மழை வருமா என்று கேட்கிற குரலில். “அவரு செத்தப்ப நான் அழுதேன், சோறு எறங்கல, எல்லாம் நடந்துச்சு. சாகணும்னு நெனக்கல தம்பி. அப்புறம் மக காலேஜ் முடிச்சு, யாவாரம் நல்லா ஓடி, எல்லாம் சரியான பெறகுதான் நெனச்சேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆச்சரியம்.”

ஊர் ஆச்சரியப்படவில்லை. அதனிடம் காரணம் தயாராக இருந்தது. புருசன் இல்லாத துக்கம் என்றார்கள். மகளைத் தூரத்தில் விட்டது தப்பு என்றார்கள். சர்ச்சில் ஜெபம் செய்தார்கள், பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொன்னார்கள். உயிர் பிழைத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது அக்காவின் விரல்கள் வீங்கிக் கிடந்தன. அதை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

வீக்கம் வற்றியதும் நினைப்பும் வற்றியது. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை கை வீங்கியபோது காத்திருந்து பார்த்தார். முந்தின நாளே மனசு கறுக்கத் தொடங்கியது. உடம்பில் தெம்பில்லை, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை, நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்ற பேச்சு உள்ளே ஓடியது. மறுநாள் காலையில் மோதிரம் சுற்றவில்லை.

“கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு சொல்லுவாக” என்றார். “எனக்குக் கையே கண்ணாடி.”

மதுரையில் மூட்டு டாக்டரிடம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். “அவரு சொல்றதுல பாதி எனக்குப் புரியும், மீதிக்கு நீ வா.” முடக்குவாதம் என்று ஏற்கெனவே தெரிந்ததுதான். அக்கா போனது வைத்தியத்துக்கு மட்டும் இல்லை, விசாரணைக்கும். டாக்டர் மருந்து எழுதப் பேனாவைத் திறந்ததும், “மொதல்ல இதச் சொல்லுங்க. வெரலு வீங்குனா நெனப்பு ஏன் வீங்குது?” என்று கேட்டார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நல்ல மனிதர். நிதானமாகச் சொன்னார். “நம்ம உடம்புல ஒரு காவல் இருக்கும்மா. கிருமி வந்தா சண்டை போடுறது அதுதான். இந்த நோய்ல அது ஆள் தெரியாம சொந்த மூட்டையே அடிக்குது. அந்தச் சண்டையில ரத்தத்துல சில பொருள் கலக்குது. அந்தச் சேதி மூளைக்கும் போகுது. சாதாரணக் காய்ச்சல்லயே நாம யாரோடயும் பேசப் பிடிக்காம சுருண்டு படுத்துக்கறோம்ல? சில பேருக்கு அது அதோட நிக்கறதில்ல. வாழ்க்கையே வேண்டாம்ங்கற வரைக்கும் இழுத்துட்டுப் போகலாம்.”

அக்கா இறங்கும் சரக்கை எண்ணுகிறவர் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டார். “ஆக, அந்த நெனப்பு என்னோட சரக்கு இல்ல. வேற எங்கனயோ இருந்து வந்து என் குடோன்ல எறங்குனது.”

“அப்படி முழுசாவும் சொல்லிட முடியாது. துக்கம், தனிமை, பரம்பரை, எல்லாமும் சேரும். எல்லா நோயாளிக்கும் இப்படி ஆகறதும் இல்ல. எது எதை இழுக்குதுன்னு இன்னும் தேடிட்டுத்தான் இருக்காங்க.”

“முழுசா வேணாங்கய்யா. பாதி என்னோடது இல்லன்னு தெரிஞ்சா போதும்.”

டாக்டர் சிரித்துவிட்டு, கை மருந்தோடு மனசுக்கான வைத்தியத்தையும் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, தேனியில் அக்கா பார்த்துவந்த மனநல டாக்டருக்கே போன் செய்து பேசினார். திரும்பி வரும்போது பஸ் தேனியைத் தாண்டியதும் மலை தெரிந்தது. பொட்டிப்புரம் பக்கம் மலையைக் குடைந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ துகளைப் பிடிக்கப்போகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். “அந்தத் துகளு மலைக்குள்ளயும் போகுமாம், மனுசனுக்குள்ளயும் போகுமாம், யாருக்கும் ஒண்ணும் ஆகாதாம். அதத் தேட ஒரு மலை. என் ரத்தத்துக்குள்ள ஓடுறது என்னயக் கொல்லப் பாத்துச்சு. அதத் தேட நானும் நீயும் தொண்ணூறு கிலோமீட்டரு பஸ்ல போறோம்.” பிறகு அவரே சிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காய்க்கு இருந்த சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டார். மோதிரம் சுற்றாத நாள் மூட்டம். மூட்டத்தில் காய் பார்ப்பதில்லை. விலை சொல்ல மாட்டார், கையெழுத்துப் போட மாட்டார், மகளோடு வாதாட மாட்டார், பொறுக்கும் பெண்களைத் திட்டக்கூட மாட்டார். திட்டுவதில் அவருக்கு நல்ல கைராசி, அதையே தள்ளிப்போடுவார். “நாளைக்குக் காலைல திட்டுறேன், இரு” என்பார். தன் வாழ்க்கை நல்லதா கெட்டதா என்ற கேள்வி வந்தாலும் அதே பதில்தான். இன்னைக்கு விலை இல்லை.

அந்த நாட்களில் தனியாகவும் இருக்க மாட்டார். என் கடைக்கு வந்து, “இன்னைக்கு மூட்டம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. டீ வாங்கிக் கொடுப்பேன். மாத்திரை வாங்க வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருப்பார். எதிரே தரகர்கள் கூடிக் கூடிப் பேசுவார்கள்.

சில நேரம் விரல் சும்மா இருக்கும்போதே மனசு கறுத்ததும் உண்டு. அதில் அவருக்குக் கோபம். கணக்கு ஒத்துவரவில்லை என்று தேனி டாக்டரிடம் புகார் சொன்னார். “மோதிரத்தை மட்டும் நம்பாதீங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அக்கா கேட்டுக்கொண்டார். ஆனாலும் மோதிரத்தைத்தான் நம்பினார்.

ஒரு ஐப்பசியில் ஊர் முழுக்க மூட்டுவலியோடு ஒரு காய்ச்சல் வந்தது. என் கடையில் நிற்க இடமில்லை. அக்காவையும் அது பிடித்தது. ஏற்கெனவே சண்டை நடக்கிற உடம்பு, கேட்கவா வேண்டும். விரல்கள் உருண்டு திரண்டு வீங்கின. ஆஸ்பத்திரியில் நர்ஸ், இதற்குமேல் விட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று, விரலில் நூலைச் சுற்றிச் சோப்புப் போட்டு அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்கு வந்தார். மகள் சில நாள் கூட இருந்துவிட்டுக் கிளம்பினாள். மறுநாளே அக்கா கடையைத் திறந்தார்.

அன்று வானம் கறுத்துக் கிடந்தது. குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. நான் மருந்துப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையில் பேச்சும் சிரிப்புமாக ஒரே கூட்டம். கம்பத்துத் தரகர் முகமெல்லாம் பல்லாக என் கடைக்கு வந்தார்.

“மெடிக்கல், மோதிரம் போச்சு, அதோட அக்கா பிடிவாதமும் போச்சு. கேட்ட வெலைக்கு அள்ளிக் குடுக்குறாக. இருக்குற சரக்கு பூராத்தயும் முடிச்சுவிடச் சொல்லிட்டாக.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கடையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையில் காயை உருட்டி, பார்க்காமலேயே விலை சொல்லிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை. பொறுக்கும் பெண்களிடம், நாளையிலிருந்து வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா, திடீர்னு?”

“வச்சிருந்து என்ன செய்ய தம்பி. நாளப்பின்ன மக வந்து இதக் கட்டி அழக் கூடாதுல்ல.”

நான் சுவர்ப்பக்கம் போய் ஸ்விட்சை அணைத்தேன். கடை மங்கிவிட்டது. தரகர், “யோவ் மெடிக்கல், என்னய்யா” என்றார். நான் அக்காவின் பக்கத்தில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“அக்கா, சாகணும்னு தோணுதா?”

கையிலிருந்த காயைத் தட்டில் போட்டார். வெறும் விரலைப் பார்த்தார். மோதிரம் கிடந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்திருந்தது. அதற்கு மேலும் கீழும் வீக்கம். இன்னொரு கையால் அந்த இடத்தைத் தடவி, இல்லாத மோதிரத்தைச் சுற்றப் பார்த்தார்.

“மோதிரம் இல்லையே தம்பி” என்றார். “எனக்கு எப்படித் தெரியும்.”

அக்காவே எழுந்து நின்றார். நான் ஏதாவது சமாளித்துக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தரகர்களைப் பார்த்துச் சொன்னார்.

“இம்புட்டு நேரம் சொன்ன வெல எதுவும் வெல இல்ல. மூட்டத்துல சொன்னது. நான் வெல சொல்லாத நாள்ல எனக்கு எந்தத் துப்பும் கெடைக்கல அண்ணே. அன்னிக்கெல்லாம் எனக்குக் கை வீங்கியிருக்கும், சாகணும்னு நெனப்பு ஓடும். அது என் பேச்சு இல்ல, நோவோட பேச்சுன்னு தள்ளிப்போட்டுட்டு உக்காந்திருப்பேன். இன்னைக்குத் தள்ளத் தெரியல.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் அசைந்தது கம்பத்துத் தரகர்தான். அன்று அவர் முடித்த பேரம் அவர் வாழ்நாளிலேயே பெரிது என்று பிறகு கேள்விப்பட்டேன். பேசிய சரக்கை அப்படியே விட்டுவிட்டு, ஜோபியிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார்.

“தேனி டாக்டருதானே? ஏறுங்க தாயி. மெடிக்கல், நீங்களும் வாங்க.”

காரில் போகும்போதே மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அன்று டாக்டர் அக்காவை வீட்டுக்கு அனுப்பவில்லை, அங்கேயே வைத்துக்கொண்டார். மதுரை டாக்டரோடு பேசி இரண்டு வைத்தியத்தையும் மாற்றி அமைத்தார்கள். வீக்கம் வற்ற நாளானது. நினைப்பு வற்ற அதைவிட நாளானது. அக்கா திரும்பி வந்தபோது மகளும் கூட வந்தாள், கடையும் இருந்தது. பொறுக்கும் பெண்கள் ஒருத்தியும் வேறு கடைக்குப் போயிருக்கவில்லை.

மோதிரம் மறுபடி அந்த விரலில் ஏறவே இல்லை. அதற்குப் பதிலாகப் பஜார் ஏறிக்கொண்டது. காலையில் கடை வழியே போகிற தரகர்கள் ஒவ்வொருவரும், “அக்கா, வெளிச்சம் எப்படி?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். வெளியூர்க்காரர்கள் காய் பார்க்கக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். “நல்லாருக்கு” என்பார் அக்கா. சில நாள், “கொஞ்சம் மூட்டந்தான்” என்பார். அப்படிச் சொன்னால் யாராவது ஒருவர் அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். இத்தனை வருடமாக அவர் முகத்தைப் பார்த்து விலை கணித்தவர்களுக்கு, முகம் பார்க்க நன்றாகவே வந்தது.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பகலெல்லாம் அங்கே விளக்கு எரிகிறது.

போன மழைக்காலத்தில் கம்பத்துத் தரகருக்கு விடாத காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு வந்தார். கவுண்டரில் முழங்கையை ஊன்றவில்லை. உள்ளே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மருந்து எதுவும் கேட்கவில்லை.

“காச்சல் போயிருச்சு மெடிக்கல்” என்றார். “போயும் என்னமோ பண்ணுது. வீட்ல சொன்னா பயந்துக்குவாக.” தரையைப் பார்த்துக்கொண்டு, “இன்னைக்கு மூட்டம்” என்றார்.

டீக்குச் சொல்லிவிட்டு, தேனி டாக்டரிடம் மாலைக்கு நேரம் வாங்கினேன். பிறகு கோயம்புத்தூருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“பக்கத்துல யாரு இருக்கா?” என்றார் அக்கா.

“நான் இருக்கேன்.”

“போன அவருகிட்ட குடு.”

கொடுத்தேன். தரகர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அந்தச் சின்னக் கடையில் அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

“அண்ணே, இன்னைக்கு எதுக்கும் வெல சொல்ல வேணாம். நாளைக்குப் பாப்போம். நான் லைன்லயேதான் இருக்கேன்.”